மறுபாதி

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கருவாட்டுப் பெட்டியை மடியில் வைத்திருந்தவர்தான் ஆரம்பித்தார்.

"நான் செபம் சொல்லுறதை விட்டிட்டன். ஆனா வீட்டில பதில் மட்டும் கேக்குது."

திருநீறு பூசியிருந்த இளையவர் திரும்பினார். "என்ன பதில், அக்கா?"

"செபமாலையில ஒராள் முதல் பாதியைச் சொல்ல, மற்றாள் மறுபாதியைச் சொல்லவேணும். எங்கட வீட்டில மறுபாதி அவர்தான். கடலுக்குப் போன மனுசன் திரும்பி வரேல்லை. கடவுளும் இல்லை, ஒண்டும் இல்லையெண்டு செபமாலையை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினன். அண்டைக்குப் பின்னேரமே மறுபாதி கேட்டுது. இப்ப ஒவ்வொரு நாளும்."

"அவற்ற குரலோ?"

"அவற்ற குரலெண்டா நான் ஏன் பயப்பிடுறன்?"

வழியில் தாராபுரத்தில் இறங்கவேண்டியவன் நான். இறங்கவில்லை.

"இப்ப என்ன செய்யிறீங்கள்?"

"நேற்று அலுமாரியைத் திறந்தனான். முதல் பாதியைச் சொன்னனான்."

"நம்பிக்கை வந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை. அந்தக் குரல் மறுபாதியை ஒருக்காச் சொல்லிப்போட்டுக் கொஞ்சம் நிக்கும், நான் சொல்லுறதுக்கு இடம் விட்டு. அந்த நேரம் நான் பேசாமல் இருக்கிறதுதான் அதைவிடப் பயமாக் கிடக்கு."