பதினோரு வாரமும் தெளிவு

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஐயா. கசியாத கரையை நான் பார்த்ததே இல்லை.

எங்களுடையது வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சின்ன அணை. மழை இல்லாத மாதங்களில் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்கூட நிற்காது. பத்தொன்பது வருஷமாக நான்தான் அதற்குக் காவலாள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கரையின் அடிக்கு இறங்குவேன். கசிவு வந்து விழும் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பதிவேட்டில் ஒரு வார்த்தை எழுதுவேன். தண்ணீர் சுத்தமாக வந்தால் 'தெளிவு'. மண்ணோடு வந்தால் 'கலங்கல்'. கலங்கல் என்றால், தண்ணீர் கரையை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் அறை அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்த பதினோரு பாட்டில்களும் கலங்கல்தான். பதிவேட்டில் பதினோரு வாரமும் 'தெளிவு' என்று எழுதியது நான்தான். ஆனால் ஒன்று. அந்தப் பாட்டிலை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் எழுதினேன். பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்கு என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரைக்குக் கீழே ஏழு வீடுகள். கடைசி வீட்டில்தான் அவளைக் கட்டிக்கொடுத்தேன். மருமகன் லாரி மெக்கானிக், நல்ல பையன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி இறந்துபோனாள். கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரிப்போர்ட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். வெளியே வந்ததும் அவள், "என்னங்க சொன்னாரு?" என்றாள். "வெறும் கொழுப்புக் கட்டியாம்" என்றேன். நாலு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். எல்லாம் முடிந்த பிறகு மகள் என் பீரோவில் அந்த ரிப்போர்ட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா பொழைச்சிருப்பாங்களேப்பா. ஏம்ப்பா மறைச்சீங்க?"

"மறைக்கலம்மா. பயப்படாம இருக்கட்டும்னு பாத்தேன்."

அன்றோடு பேச்சு நின்றது. தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவாள். அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைத்ததைக்கூட அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கரைமேல் நின்றால் அவள் வீட்டு வாசல் அப்படியே தெரியும். காலையில் துணி காயப்போடுவாள். குழந்தை ஈரத் துணிகளுக்குள் புகுந்து புகுந்து ஓடும். என்னைப் பார்த்தால் கையாட்டும். யாரென்று அதற்குத் தெரியாது. "கரைத் தாத்தா" என்று கத்தும். மகள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஆனால் குழந்தையைத் தடுக்கவும் மாட்டாள். ஒரு மனிதனுக்கு இது போதாதா?

'கலங்கல்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வேறொரு அணையில் அப்படி எழுதினார்கள். ஒரே வாரத்தில் கீழே இருந்த வீடுகளைக் காலி செய்து, எல்லோரையும் எங்கோ தொலைவில் புதுக் குடியிருப்புக்கு ஏற்றிவிட்டார்கள். திரும்பி யாரும் வரவில்லை.

என்ஜினியர் வாரம் தவறாமல் போன் செய்வார். தமாஷான மனிதர். "நம்ம கெழவி எப்படிய்யா இருக்கா? சளி, இருமல் ஒண்ணும் இல்லையே?" என்பார். கிழவி என்பது அணையைத்தான். "கல்லு மாதிரி இருக்கா சார்" என்பேன். சிரித்துவிட்டு வைத்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை.

ஒன்பதாவது வாரம் மருமகனே என் அறைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மாமா, அடியில தண்ணி கலங்கலா வருதே, பாத்தீங்களா?"

"மேல மாடு இறங்கியிருக்கும் மாப்ள."

"பாப்பா இருக்கா, அதான் கேட்டேன். வேணும்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்னு…"

"ஒண்ணும் வேணாம். நான் இருக்கேன்ல?"

"நீங்க சொன்னா சரி மாமா. நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம், கோவிச்சுக்குவா."

அன்று அவன் எனக்கு இரண்டு மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனான்.

போன திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக விடாத மழை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். மதியம் ஒரு மணிக்குக் குழாயில் தண்ணீர் காவி நிறத்தில், சின்னச் சின்னக் கற்களோடு வந்தது. அப்போதே சைரன் அடித்திருக்கலாம். அடித்தால் ஏழு வீடும் காலியாகும், அதிகாரிகள் வருவார்கள், அப்புறம் யாரையும் திரும்ப விட மாட்டார்கள். மழை விட்டுவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் விடவும் செய்தது. மூன்று மணிக்குக் கரையின் நடுவில் ஒரு ஆள் இறங்கும் அளவுக்குக் குழி விழுந்தது. சைரனை அடித்தேன். அதற்குமேல் கரை ஆறு நிமிஷம்தான் தாங்கியது.

ஐந்து வீட்டுக்காரர்கள் மேட்டில் ஏறிவிட்டார்கள். தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாராம், வெளியே வரவில்லை. மருமகனும் குழந்தையும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். மறுநாள் பாலத்தைத் தாண்டி அவர்களைக் கண்டெடுத்தார்கள். குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான். முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் கேட்டார்கள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தையை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. புருவம் என் மனைவியுடையது.

மருத்துவமனை வராந்தாவில் மகள் என்னிடம் வந்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா விட்டிருப்பேனா?"

என் தோளில் சாய்ந்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். அன்று முதல் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் அம்மா அறையில் படுக்கிறாள். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்கிறாள்.

நான் சொன்னதெல்லாம் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. இந்தக் காகிதத்தை மட்டும் அவளிடம் காட்டாதீர்கள், ஐயா. நாலு வருஷம் கழித்து இப்போதுதான் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள்.