ஆறுமுகத்தாய் வறுத்த நீல மணி

…பின்னே என்ன சார், எல்லாப் பழியும் எங்க வீட்டுக்காரக தலையிலதான்! மிசின் பொய் சொன்னா வானமாமலை கை சரியில்ல, பாய்லர் பொகைஞ்சா வானமாமலை கண்ணு சரியில்ல. நீங்க பேக்டரிக்குப் புதுசா வந்த ஆபீசர், சந்திரமௌலி சார்தான? அவுக சொல்லியிருக்காக. உள்ள வாங்க. கோலின்னு பேரு, ஒத்த ரூம்பு, இதுல ஒழுகாத எடம் அந்த மூலைதான், பெட்டிமேல உக்காருங்க. அவுக குர்லாவுக்கு ரப்பர் குழாய் தேடிப் போயிருக்காக, இந்தா வந்துருவாக.

நாளைக்குப் பெரிய சாப் மிசினப் பாக்க வாராராமே? சரியாக் காட்டலேன்னா இவுகள மறுபடி கரி அள்ளப் போட்ருவாகளாமே? நல்லாருக்கு சார் நியாயம்! அந்தக் கரியத் தின்னுதான் நெஞ்சு பூரா இருமலு. மிசின்கிட்ட மாத்துனப்பறந்தான் மனுசன் ஒறங்குதாக.

பொகைய அளந்து காட்டுத அந்த மிசின் இருக்கே, அது சரியான மாமியாக்காரி. எதையும் நேராத் திங்காது. பம்பு பாய்லர் பொகைய உறிஞ்சிட்டு வருதா, மொதல்ல பஞ்சுல வடிகட்டிக் கரித்தூள எடுக்கணும். அப்புறம் குடுவையில தண்ணிய எறக்கணும். மிச்ச ஈரத்த டப்பாவுல அடைச்ச நீல மணி குடிக்கும். அதுக்கு மேல அளவு பாத்து வேற ஊட்டணும்! கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு குண்டு மெதக்குமாம். அது கோட்டுக்கு மேல ஏறவும் கூடாது, கீழ எறங்கவும் கூடாது, திருகாணியத் திருகித் திருகி நிப்பாட்டணும். சோறு திங்கையிலகூட அவுக விரலு திருகிட்டே இருக்கு! கெடக்கட்டும், உங்களுக்குத் தெரியாததையா சொல்லுதேன், நான் ஒருத்தி…

ஆனா மழ தொடங்குனதுலருந்து அந்தக் குண்டு கண்ணாடியிலயே ஒட்டிக்கிடுதாம். பஞ்ச மாத்தியாச்சு, திருகாணிய மாத்தியாச்சு. "ஈரம் எங்கருந்தோ உள்ள போவுது தாயி, எங்கேன்னுதான் தெரியல"ன்னு நேத்து கண்ணுல தண்ணி சார். பம்பாய்ல ஈரம் எங்க இல்ல? துணி காயல, சொவரு காயல, தீப்பெட்டி பத்தல. டீ குடிக்கீகளா? ஓ, மாட்டுங்காவுல இருக்க நம்மூரு ஆபீசர்மாரு காப்பிதான் குடிப்பீகளோ!

மணியில மட்டும் குத்தம் சொல்ல முடியாது, பாத்துக்கிடுங்க. அது நான் வறுக்கது! பேக்டரி அடுப்பு கெட்டுப் போச்சுன்னு சாயங்காலம் இங்கதான் கொண்டாருவாக. ஈரங் குடிச்சா ரோசாக் கலராயிருமாம். சட்டியில போட்டுப் பதமா வறுத்தா நீலம் திரும்பிரும். ஒரு மணி கருகாது! விடியுமுன்ன, வெளக்குகூடப் பொருத்தாம, மிசினோட இரும்பு டப்பாவுல தட்டி இறுக்கி மூடிக் குடுத்துருவேன். அவுக தொறந்து பாக்காம அப்படியே கொண்டு போய் மாட்டுவாக.

நல்ல சாமான் சார் அது! ராத்திரி பூரா சும்மாதான கெடக்குன்னு துணியில முடிஞ்சு உப்பு டப்பாவுல போட்டு வைப்பேன். இந்தச் சால் கட்டடத்துல எல்லார் வீட்டு உப்பும் கஞ்சியா ஓடுது. என் உப்பும் எதுத்த கோலி பார்வதியம்மா உப்பும் மட்டும் பொலபொலன்னு மணலாட்டம்! இருங்க, காட்டுதேன்… அள்ளிப் பாருங்க. இதுதான் முடிச்சு. நாளைக்கு மாட்டணும்னு நேத்தே நல்ல நீலமாத்தான் வறுத்து முடிஞ்சேன்…

ஏன் சார் அப்படிப் பாக்கீக?

ஆத்தாடி! ரோசாப் பூவாட்டம்லா இருக்கு! அப்போ… உப்போட ஈரத்தையெல்லாம் குடிச்சு வயிறு நெறஞ்சுதான் அது மிசினுக்கே போயிருக்கா? பாவி மக, நான்தானா! மனுசன் ஊரெல்லாம் ஈரத்தத் தேடுதாக, அது இங்க என் உப்புல கெடக்கு! சிரிக்காதீக சார்!

எந்திரிக்காதீக, இப்பவே அடுப்பப் பத்தவைக்கேன். நீலமானதும் உங்க கையாலயே டப்பாவ மூடிக் கொண்டு போங்க. நாளைக்கு மிசின் சரியாக் காட்டுனா, "ரப்பர் குழாய மாத்துனதுலதான் சரியாச்சு வானமாமலை"ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

சட்டி காயட்டும், ஒரு நிமிசம் பொறுங்க. மிச்ச மணி பார்வதியம்மா உப்புக்குள்ள கெடக்கு, வாங்கிட்டு ஓடியாறேன்!