கர்னலுக்குக் கேட்காத தோட்டா

அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், சார்ஜென்ட் ஹோலிஸ். நீங்கள் கொடுத்த படிவத்தில் 'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று போட்டு ஐந்து கோடு விட்டிருக்கிறார்கள். நான் கல்லூரிப் பத்திரிகையில் நையாண்டிப் பத்தி எழுதுகிறவன்; ஐந்து கோட்டில் எனக்குத் தும்மக்கூட வராது. பின்பக்கமும் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. பாயின்ட் இருபத்திரண்டு காலிபர் துப்பாக்கிக்குக் கடையில் எத்தனையோ வகைத் தோட்டா கிடைக்கும்போது, தேடிப்பிடித்து இருப்பதிலேயே சத்தம் குறைந்ததை ஏன் வாங்கினாய் என்று. பதில் சுலபம். மிஸஸ் ஷாஃபர் கேட்டுக்கொண்டார், வாங்கினேன்.

மே மாதம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் பீன்ஸ் பாத்தி பாதி மொட்டையாகிக் கிடந்தது. கிரவுண்ட்ஹாக் வேலை. பூனையளவு கொழுத்த அணில் ஒன்று வேலிக்கு அடியில் பொந்து தோண்டிக் குடும்பம் நடத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. அப்பா துப்பாக்கியையும் பழைய தோட்டாப் பெட்டியையும் என் கையில் கொடுத்து, "காலேஜ்ல இதையாச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்.

முதல் குண்டு சாட்டையைச் சொடுக்கினமாதிரி வெடித்தது. அது கிரவுண்ட்ஹாக்குக்குப் படவில்லை. பக்கத்து வீட்டுக் கர்னலுக்குத்தான் பட்டது. உடம்பில் அல்ல, மனதில். கர்னல் மிஸஸ் ஷாஃபரின் வேட்டை நாய். அவர் கணவர் வெர்னன் மானுக்கும் ரக்கூனுக்கும் என்று வாங்கிவந்த நாய், முதல் நாள் முதல் வெடிச்சத்தத்திலேயே லாரிக்கு அடியில் நுழைந்துவிட்டதாம். வெர்னன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பதவி உயர்வு கொடுத்துக் கர்னல் என்று பெயர் வைத்தார். வெர்னன் இறந்து நாலு வருடமாகிறது. அன்றைக்கும் கர்னல் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு மாலைவரை வெளியே வரவில்லை.

மிஸஸ் ஷாஃபர் வேலியோரம் வந்தார். எழுபத்தொரு வயது. நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவார்.

"ஏண்டா டேரன், யார் மேலடா போர் தொடுத்திருக்கே?"

"கிரவுண்ட்ஹாக், மிஸஸ் ஷாஃபர். பீன்ஸைத் தின்னுடுது."

"தின்னா தின்னுட்டுப் போகட்டும், உங்க அப்பா வெளைக்கற பீன்ஸை மனுஷங்க யாரும் திங்க முடியாது. என் நாய் காருக்கு அடியில கெடக்குது, பாரு. கொஞ்சம் மெதுவா சுட முடியாதா கண்ணு?"

மெதுவாகச் சுடுவது என்று ஒன்று உண்டு. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் அந்தச் சாட்டைச் சொடுக்கு கேட்கும். வேகம் குறைந்தால் கேட்காது. நான் மூன்று வகை வாங்கிவந்து, ஒரு சனிக்கிழமை மதியம் மிஸஸ் ஷாஃபரைத் தேர்வாளராக உட்காரவைத்தேன். அவர் தன் வராந்தா நாற்காலியில், காலடியில் கர்னல், கையில் தேவாலயத்தில் கொடுத்த தாளின் பின்பக்கமும் பென்சிலும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்கட்டையைக் குறிவைத்தேன்.

முதல் வகைக்குக் கர்னல் எழுந்து நின்றது. பத்துக்கு மூன்று.

"அடுத்தது?"

"இதோ."

"இது பரவாயில்ல. எங்க பாஸ்டர் பிரசங்கத்துக்கு முன்னாடி தொண்டையைச் செருமற மாதிரி இருக்கு. ஆறு போடறேன்." கர்னல் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டுப் போட்டது.

மூன்றாவது வகை குட்டைத் தோட்டா. நீளக் குழலில் போட்டால் காகிதத்தில் ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் கத்தினார்: "நாள் முழுக்க உக்காந்திருக்கணுமா? எப்படா சுடப்போறே?"

"சுட்டாச்சு, மிஸஸ் ஷாஃபர். ரெண்டு தடவை."

அவர் சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் மூச்சு நின்று, கொஞ்ச நேரம் பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். கர்னல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பத்துக்குப் பத்து. அந்தத் தாளை அவர் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். நீங்கள் வீட்டைச் சோதித்தபோது பார்த்திருப்பீர்கள்.

அந்த மாதத்தில் ஆறு கிரவுண்ட்ஹாக் போயின. கர்னல் வேலியோரம் படுத்து நான் சுடுவதை வேடிக்கை பார்க்கும் அளவுக்கு முன்னேறியது. வாழ்நாளில் முதல்முறையாக அது ஒரு வேட்டைக்கு வந்திருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இனி அவருடைய இதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜூன் தொடக்கத்தில் அவரைப் பிட்ஸ்பர்க்குக்கு மருத்துவரிடம் நான்தான் காரில் அழைத்துப்போனேன். காது சரியாகக் கேட்காது, நீயும் உள்ளே வா என்றார். வால்வு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது, மாற்றினால் பத்து வருடம், மாற்றாவிட்டால் இலையுதிர்காலம் தாண்டுவது சந்தேகம் என்று மருத்துவர் நிதானமாகச் சொன்னார். ஜூன் இருபத்தாறு என்று தேதியும் குறித்தார். அதற்குப்பின் ஆறு வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே மிஸஸ் ஷாஃபரின் தங்கை ஆர்லீன் இருக்கிறார்; ஆனால் தங்கையின் அடுக்ககத்தில் நாய்க்கு அனுமதி இல்லை.

"அந்த டாக்டருக்கு மீசையே இன்னும் சரியா மொளைக்கல, என் நெஞ்சைப் பொளக்கறேங்கறான்" என்றார் திரும்பி வரும்போது. கொஞ்ச தூரம் போனபின், "கர்னலை எங்கடா விடுவேன்?" என்றார்.

நாய் விடுதி ஒன்றில் வெர்னனின் இறுதிச் சடங்குக்காக இரண்டு நாள் விட்டதில் கர்னல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். இந்த அறுவைச் சிகிச்சையையே வசந்தத்திலிருந்து இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு முறையும் காரணம் கர்னல்.

நான் யோசித்தேன். அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் அல்ல நான். நாய்க்குப் பதினோரு வயது, பின்காலில் வலி, அதிகம் போனால் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்துக்காக ஒரு மனுஷி பத்து வருடத்தை விடப் போகிறார். அதைக் கையில் வைத்திருக்கும்வரை அவர் போகமாட்டார். அது இல்லாவிட்டால் இரண்டு நாள் அழுவார், மூன்றாம் நாள் பெட்டி கட்டுவார். இப்படி எழுதிப் பார்த்தால் இப்போதும் எனக்கு இதில் பிழை தெரியவில்லை.

ஜூன் பதினேழு, செவ்வாய், காலை பத்து மணி இருக்கும். மிஸஸ் ஷாஃபர் வீட்டின் அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்; வானொலி பாடிக்கொண்டிருந்தது. நான் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைக் காட்டினேன். கர்னல் வேலியின் இடைவெளியில் நுழைந்து வந்தது. தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். அதற்கு ஒன்றும் கேட்டிருக்காது, அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கிரவுண்ட்ஹாக் தோண்டிய பொந்து ஒன்றை முந்தின நாளே அகலப்படுத்தி வைத்திருந்தேன். கழுத்துப்பட்டையைக் கழற்றவில்லை. கழற்ற மனம் வரவில்லை. வேலிக்கம்பம் நட வந்த ஆட்கள் அதைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள் என்று அறிகிறேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "டேரன், காபி போட்டிருக்கேன். ருபார்ப் பை சுட்டிருக்கேன். வரியா?"

போனேன். புளிப்பான ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்பு. இரண்டு துண்டு சாப்பிட்டேன். இரண்டாவதை வேண்டாம் என்றால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார். அவர் ஓரத்து மேலோட்டை உடைத்துக் கர்னலுக்கென்று தனியாக ஒரு தட்டில் வைத்தார்.

சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தார்.

காணவில்லை என்று அறிவிப்பு நான்தான் எழுதிக்கொடுத்தேன். 'பழுப்பும் வெள்ளையும். பெயர் கர்னல். கூப்பிட்டால் வரும், மனம் இருந்தால்.' அதைப் படித்து அழுகையின் நடுவில் சிரித்தார். நூலகத்தில் நாற்பது பிரதி எடுத்துத் தபால் நிலையம், தீவனக் கடை, தேவாலயம் எல்லாவற்றிலும் ஒட்டினேன். நேராக ஒட்டினேன்.

மூன்றாம் நாள் அவர் பெட்டி கட்டவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசித் தேதியை ரத்து செய்தார்.

"வந்து பாத்து நான் இல்லன்னா அது என்ன நெனைக்கும்?" என்றார்.

"ஒருவேளை அது..." என்று ஆரம்பித்தேன். "வயசான நாய், மிஸஸ் ஷாஃபர். சில நாய் சாகறதுக்குன்னு எங்கயாச்சும் போயிடும்."

"செத்திருந்தா தெரிஞ்சிருக்கும்டா. கார் அடிச்சிருந்தா யாராச்சும் வந்து சொல்லியிருப்பாங்க. எவனாச்சும் சுட்டிருந்தா சத்தம் கேட்டிருக்கும். ஒண்ணும் கேக்கலையே. அப்ப எங்கயோ உசுரோடதான் இருக்கு."

நான் தலையாட்டினேன். அப்பா கொடுத்த அந்தப் பழைய, சத்தமான தோட்டாவால் சுட்டிருந்தால் அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். என்னைத் திட்டியிருப்பார், என் அப்பாவைத் திட்டியிருப்பார், உங்களைக் கூப்பிட்டிருப்பார், பிறகு ஜூன் இருபத்தாறு அன்று பிட்ஸ்பர்க் போயிருப்பார்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல நினைத்தேன். ஆனால் அதிர்ச்சி எதுவும் கூடாது என்று மருத்துவர் என் முன்னால்தான் சொன்னார். பலவீனமான இதயமுள்ள ஒருவரிடம் போய் அப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்வது பொறுப்பற்ற செயல். அதனால் வேறு வழி பார்த்தேன். ஜூலையில் ஒருநாள் நகரத்திலிருந்து குரலை மாற்றி அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அறிவிப்பில் உள்ள நாயை நெடுஞ்சாலையில் பார்த்தேன், ஓஹையோ எண் போட்ட வண்டியில் ஒரு குடும்பம் ஏற்றிக்கொண்டு போனது, பிள்ளைகள் மடியில் வைத்திருந்தார்கள், நாய் சந்தோஷமாக இருந்தது என்றேன். மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்புவார் என்று கணக்கு.

மறுநாள் வேலிக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "நல்லா இருக்குதாம்டா! ஓஹையோவுல இருக்குதாம். அங்கேருந்து நடந்து வர நாளாகும், இல்ல? அதுவும் அந்தக் காலோட."

அன்றிலிருந்து வராந்தாக் கம்பிவலைக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே விட்டார். ஈ கொசு எல்லாம் உள்ளே போனது. தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையும் மாலையும் மாற்றினார். குனிந்து நிமிர ஐந்து நிமிடம் பிடிக்கும். சில நாள் நான் மாற்றிக்கொடுத்தேன். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் கண்ணு" என்பார்.

ஆகஸ்ட் கடைசியில் கல்லூரிக்குக் கிளம்பினேன். செப்டம்பர் ஒன்பது அன்று தபால்காரர் அவரை வராந்தா நாற்காலியில் பார்த்தார். கதவு திறந்திருந்தது. கிண்ணத்துத் தண்ணீர் அன்றைக்கு ஊற்றியது. அப்பா தொலைபேசியில் சொன்னபோது நான் வகுப்புக்கு வெளியே நின்றிருந்தேன். சரி என்றேன். உள்ளே போய்க் குறிப்பெடுத்தேன். அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் என் கையெழுத்து மாதிரியே இல்லை.

அடுத்தவர் நாயைக் கொன்றதற்கு அபராதம்தான் வரும், பெரிதாகக் கவலைப்படாதே என்று நீங்கள் சொன்னீர்கள். இந்த ஊர்ச் சட்டத்தில் மிஸஸ் ஷாஃபருக்குக் கட்டம் இல்லை என்பது படிவத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அதனால்தான் பின்பக்கத்தில் எழுதினேன். நான் அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். வேறு வழி இருந்ததா என்று நூறு முறை யோசித்தாயிற்று.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். பிட்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அவர் கேட்டார். "ஆறு வாரந்தான் டேரன். நீ பக்கத்து வீட்டுலதானே இருக்கே. உன்கிட்ட அது இருந்துக்கும். காலையில ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை எட்டிப் பாத்தாப் போதும்." ஜூலையில் நண்பர்களோடு ஏரிக்குப் போவதாக ஒரு பேச்சு இருந்தது, பிறகு அது நடக்கவில்லை. முடியாது என்றேன். ஆனால் அவர் மனம் நோகாதபடி, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னேன்.