மூத்த இராணியின் ஆள்

"ஹலோ... ஹலோ, தையலோ? ... ஓம், நான்தான், நெடுந்தீவிலையிருந்து சறோ. ... ஓம் ஓம், இரையுது. இரும், கிணத்தடிக்கு வாறன், அங்கைதான் சிக்னல் ஒழுங்கா நிக்கும். ... ம். இப்ப சொல்லுங்கோ."

"சொல்லும்" இல்லை, "சொல்லுங்கோ". பெட்டைக் காலந்தொட்டு நயினாதீவுச் சிநேகிதி தையல்நாயகியோடு நீர், உமக்கு என்றே கதைத்துவந்த சறோஜினிதேவி, கோபம் வந்தால் மட்டும் மரியாதையைக் கூட்டிவிடுவா. அந்த முனையில் இருந்தவவுக்கும் அது உடனே விளங்கியிருக்க வேண்டும்.

"... கோவமோ? நான் ஆர் கோவிக்க? சும்மாதான் எடுத்தனான். ... ஓம், சாப்பிட்டனான். ... ஓம், முழங்காலும் சுகம். ... தையல், என்ரை முழங்காலை விடுங்கோ! உங்கட வாசிகசாலையிலை சனிக்கிழமை கூட்டமாமே? ... ஆர் சொன்னதோ? என்ரை மகன் கீர்த்திகன் கனடாவிலையிருந்து நோட்டீஸை ஃபோனுக்கு அனுப்பினவன். உங்களுக்கும் எனக்கும் நடுவிலை ஒரு துண்டுக் கடல். அதைத் தாண்டி வர ஏலாத சங்கதி, ரொறன்ரோவுக்குப் போய்ச் சுத்திக்கொண்டு வருது!"

"... வாசிக்கட்டோ? 'வெள்ளிமாலை நாடகத்தில் மூத்த இராணியின் பாத்திரம். உரை, நிருஜா. பாடல், தையல்நாயகி.' ... ஆர் உவள் நிருஜா? ... காரைநகர்ப் பிள்ளையோ. நாடகம் படிப்பிக்கிறவவோ. ... ஓம், கனக்கப் படிச்சிருப்பா, ஆர் இல்லையெண்டது? அந்தக் கூத்தைக் கண்ணாலை கண்டவவோ எண்டு கேக்கிறன். உங்கட அப்பா அண்ணாவியாரா நிண்டு பழக்கின கூத்து. கடைசியா ஆடினது அவ பிறக்க முன்னம்!"

"... ஓகோ. கோல் எடுத்து உங்களைக் கேட்டுக் கேட்டு எழுதினவவோ. ... ஒவ்வொரு ஞாயிறுமோ! அதுதான், நான் எடுக்கிற நேரமெல்லாம் உங்கட ஃபோன் வேறை ஆரோடையோ கதைச்சுக்கொண்டிருந்தது. நான் விசரி, சிக்னல் ரவரைத் திட்டிக்கொண்டு திரிஞ்சன்."

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டா.

"... என்ன சொல்லப் போறாவாம் மூத்த இராணியைப் பற்றி? ... பொறாமைக்காறியோ! அதுதானே பாத்தன். ... இல்லை, நீங்கள் கேளுங்கோ. இராசா கடலுக்கு அங்காலை போய் இளையவளைக் கட்டிக்கொண்டு கப்பலிலை வாறான். துறையிலை விளக்குக்குக் காவல் நிக்கிறது ஆர்? மூத்தவள். தானே எண்ணெய் விட்டு, தானே திரி போட்டு ஏத்தினவள். அணைக்க நினைச்சவள் ஏன் ஏத்த வேணும்? அது காத்து அணைச்சது. அவள்ரை கை விளக்குக்குக் கிட்டப் போனது பொத்திப் பிடிக்க! ... இவ்வளவு காலமும் நான் சொல்லச் சொல்ல 'ம், ம்' எண்டு கேட்டனீங்கள்தானே?"

இந்த வழக்கை அவ பேசத் தொடங்கியபோது தலையில் ஒரு நரை இல்லை. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் வீதி, எங்கே வெள்ளிமாலைக் கதை எடுபட்டாலும் சறோஜினிதேவி எழும்பி மூத்த இராணிக்காக வாதாடுவா. இரண்டு தீவிலும் அவவை மூத்த இராணியின் ஆள் என்றே பகிடி பண்ணுவார்கள். அந்த மூத்த இராணிக்கு ஒரு கூட்டம், அதில் பேச வேறொருத்தி என்றால் எப்படி இருக்கும்?

"... என்ன? ... கடைசிக் காட்சியோ? விளக்கு அணையிறதுதானே கடைசிக் காட்சி. ... அதுக்குப் பிறகும் இருக்கோ? என்ன கண்டறியாத கதை கதைக்கிறீங்கள்? நான் வருசா வருசம் உங்கை வந்து பாத்தனான். விளக்கு அணையும், கப்பல் பாறையிலை அடிக்கும், எங்கட ஆக்கள் பாயைச் சுருட்டுவினம்..."

வசனம் அந்தரத்தில் நின்றது.

"... ஓம். எங்கட வள்ளக்காரர் குருசுமுத்தர் வள்ளத்தடியிலை நிண்டு சத்தம் வைப்பார். ... ஓம், நெடுந்தீவார் எல்லாரும் ஒண்டாத்தான் எழும்புவம். ... உங்கட ஆக்கள் இருந்தவையோ?"

வெயில் ஏறினால் காற்று எழும்பும், காற்று எழும்பினால் நெடுந்தீவுக் கடலில் வள்ளம் விட ஏலாது. விடிய முன்னம் வெளிக்கிட்டே ஆகவேண்டும். வள்ளம் வெளிக்கிட்ட இடந்தான் கூத்து முடிந்த இடம் என்று ஒரு தீவே நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"... அந்தப் பெட்டைக்கு இது தெரியுமோ? ... பாடிக் காட்டினனீரோ? முழுக்கவோ? ... எனக்கு ஏன் சொல்லேல்லை, தையல்? ... என்ன? சொன்னால் நான் வழக்காட வரமாட்டன் எண்டோ? கோல் எடுக்கிறதை விட்டிடுவன் எண்டோ பயந்தனீர்? ... அழாதையும். ... அழாதையும் எண்டுறன், அழவேண்டியவள் நான்! ... சரி, பாடும். ... இப்பதான். அவளுக்குப் பாடினதிலும் பாக்க நல்லாப் பாடவேணும், சொல்லிப்போட்டன்."

சறோஜினிதேவி கிணற்றுக்கட்டில் இருந்தா. மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டா. பிற்பாட்டுக்காரர் போல உதடு தன்பாட்டில் அசைந்தது. கடைசி அடி வந்ததும் மெல்லத் திருப்பிச் சொன்னா.

"'காற்றும் அல்ல, கடலும் அல்ல, என் கையடி தங்கையே.' ... கரையொதுங்கின இளையவளைத் தேடிப் போய்ச் சொல்லுறாளோ? ... ஆரும் கேக்காமல்? ... அப்ப அணைச்சவள்தான்."

"... நிக்கிறன், லைனிலைதான் நிக்கிறன்."

"... உவ நிருஜா இதுக்கு என்ன விளக்கம் சொல்லுறாவாம்? ... மனந்திருந்தினவளாமோ? ... இல்லை. பிழை, தையல். சுத்தப் பிழை! ... ஏனெண்டு நான் சொல்லுறன். கப்பல் உடைஞ்சதுக்கு ஊர் ஆரைத் திட்டினது? ... ஓம், காத்தை. இராசா? ... அவனும் காத்தைத்தான். விளக்கடியிலை மூத்தவள் நிண்டவள் எண்டு ஒருத்தருக்காவது நினைவு வந்ததோ? நெஞ்சு எரிஞ்சு எரிஞ்சு அவ்வளவு பெரிய வேலை செய்தவள். அதுக்குப் பிறகும் ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பாக்கேல்லை. அதுதான் தானாப் போய்ச் சொன்னவள். நான் எரிஞ்சனான், என்னைப் பாருங்கோ எண்டு. உது மனந்திருந்தலோ?"

"... எனக்கு எப்பிடித் தெரியுமோ? ... சொல்லமாட்டன். ... சரி, சொல்லுறன், ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது. நோட்டீஸைப் பாத்த உடனை, சனிக்கிழமை கடல் கொந்தளிக்க வேணும், அந்தப் பெட்டை வள்ளம் ஏற ஏலாமல் குறிகட்டுவான் துறையோடை திரும்பிப் போக வேணும் எண்டு அம்மாளுக்கு நேத்தி வைச்சனான். ... ஓம், உங்கட நயினாதீவு அம்மாளுக்குத்தான்! சிரிக்காதையும். ... சிரிக்காதையும், தையல், இருமப் போறீர்."

அவவும் சிரித்தா. சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்தா.

"... வாறன்தான் சனிக்கிழமை. ... கேக்கவோ? பேசவெல்லோ வாறன்! அவவுக்குப் பிறகில்லை, முதலாவதா. ... கேட்டுச் சொல்லுறன் எண்டோ? ஆரைக் கேக்கப் போறீர்? ... அவவுக்கு நீர் எடுக்கப்படாது! உங்கட ரெண்டு பேற்றை கதை காணும். நம்பரைத் தாரும், நான் கதைக்கிறன். ... இரும், கிணத்துக்கட்டிலை எழுதக் கரித்துண்டு ஒண்டு எடுக்கிறன். ... ம். ... ம். ... கடைசி ரெண்டும் என்ன? ... சரி."

"... சண்டை பிடிக்கமாட்டன். மூத்தவள் ஏன் போய்ச் சொன்னவள் எண்டு மட்டுந்தான் கேப்பன். பதில் சொல்லட்டும் பாப்பம். ... என்ன, நான் எடுக்கப் போறன் எண்டு முன்கூட்டிச் சொல்லி வைக்கப் போறீரோ? ... ஓமோம், நீர் எடுப்பீர், எனக்குத் தெரியும். அப்ப ஆர் முந்திறதெண்டு பாப்பம்!"

தையல்நாயகி ஏதோ சொல்லத் தொடங்க, சறோஜினிதேவி ஃபோனைக் கட் பண்ணினா.