கோயில் சாய்ந்த காலை

— ஒரு தடவை நான் ஒரு கோயிலையே நிமித்தி வெச்சிருக்கேன், மகளே. சாஞ்சு கவிழ இருந்த கோயில். போதகர், பீடம், மெழுகுவர்த்தி, பாட்டுக் குழு, தும்மிக்கிட்டே இருந்த ஒரு அம்மா, எல்லாம் உள்ள. ஒத்தை ஆளா நிமித்தினேன். கையால தொடக்கூட இல்ல.

— ஐயையோ தாத்தா, மெதுவா. இது வார்டு வாசல். உள்ள தூங்கறாங்க.

— ஆரம்பிச்சுட்டான். நர்ஸம்மா, இவனுக்குக் கண்ணுலதான ஆபரேஷன்? கையோட கையா நாக்கையும் கொஞ்சம் பாத்துவிடச் சொல்லுங்க.

— இவன் யாருன்னு கேக்கலியே மகளே? இவன்தான் மதகு. ஆத்து மதகுல ஷட்டரை ஏத்தி எறக்கறது இவன் வேலை. நான் இஞ்சின். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆளுங்களை ஏத்திட்டுப் போகுமே பெரிய படகு, அதுல. இப்ப ரெண்டு பேரும் ரிட்டையர்டு. ஆனா இவன் வாய் மட்டும் இன்னும் மதகுதான். மேலேர்ந்து உத்தரவு வந்தாத்தான் தெறக்கும்.

— உன் வாய்க்கு ஷட்டரே வெக்கல, அதான் கஷ்டம். டேய் இஞ்சின், கண் டாக்டர் மேல் மாடியில இல்ல இருக்காரு? இங்க எதுக்குடா என்னை உக்கார வெச்சிருக்க?

— கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க. பெஞ்சு நல்லாத்தான இருக்கு.

— தாத்தா, உங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா ஜன்னலோரப் பெட்டுக்காரரைப் பாத்துக்க வேற ஆளு வரும்னு சொன்னீங்களே. இந்த சாரா அது?

— எந்தப் பெட்டு? எந்த ஆளு?

— பாட்டு வாத்தியார்னு ஒருத்தர், சார். பக்கவாதம். பேச்சு போயிடுச்சு, இடது பக்கம் அசையல. சாப்பாட்டுக்கு மூக்குல குழாய் போட்டிருக்கோம். வலது கை நல்லா இருக்கு, அதான் பிரச்சனையே. யாராவது அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா கொழந்தை மாதிரி படுத்திருக்கார். விட்டா குழாயைப் புடுங்கிடறார். சொந்தம்னு யாரும் வரல. இந்தத் தாத்தாதான் வந்து புடிச்சுக்கிட்டு இருந்தார். சார், ஏன் எந்திரிச்சுட்டீங்க?

— உக்காருடா மதகு.

— 'எனக்குத் துணைக்கு வா, ஆபரேஷன்னா பயமா இருக்கு'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த. ஏமாத்திட்ட.

— ஏமாத்தல. கொஞ்சம் சுத்து வழியில கூட்டிட்டு வந்தேன். பயம் நிஜம்தான்.

— நர்ஸம்மா, ஆளு இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?

— கையைக் கட்டிலோட கட்டணும், சார். மெத்துனு துணியாலதான். வலிக்காது. ஆனா அழுவார். ஒரு தடவை கட்டினோம். விரல் மட்டும் ஓயாம ஆடிக்கிட்டே இருந்துச்சு, ஏதோ வாசிக்கற மாதிரி. பாக்க முடியல.

— கட்டுங்க.

— சார்!

— இவனைத் தப்பா நினைச்சுராத, மகளே. நீ மருந்து எடுத்து வெக்கற வேலையைப் பாத்துக்கிட்டே கேளு. இவன் மறுபடி உக்காருவான், எனக்குத் தெரியும். நான் எங்க புளுகறேன்னு புடிக்கறதுக்காகவாவது உக்காருவான். பாத்தியா, உக்காந்துட்டான்.

— கால் வலிக்குது. அதான்.

— ஒரு வருஷம் மழை. மழைன்னா மழையா அது? வானத்தை யாரோ தலைகீழா கவுத்துட்டாங்க. ஆத்துல மீனெல்லாம் குடை புடிச்சுக்கிட்டுப் போச்சு.

— மீனு. குடை.

— சரி, குடை வேணாம். ஆறு பொங்கி கரையை முட்டுது. மதகைத் தெறன்னு உத்தரவு. இவன் தெறந்தான். தெறக்கலேன்னா கரை பொத்துக்கிட்டு ஊரே போயிருக்கும். தெறந்ததுல கீழ்த்தெரு மட்டும் முழுகிச்சு. உசுரு ஒண்ணும் போகல. வீடெல்லாம் சேறு. பாட்டு வாத்தியார் வீட்டுப் பியானோ சுவரை இடிச்சுக்கிட்டு வெளிய வந்து, தெருவோட மிதந்து, போற வழியெல்லாம் தானாவே ஞானப்பாட்டு வாசிச்சுது மகளே. எல்லா சரணமும்.

— நிஜமாவா?

— மூடி கழண்டு போச்சும்மா. தண்ணி அடிக்கறப்ப ஏதோ ரெண்டு சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான்.

— கேட்டியா, கேட்டியா? இவனும் கேட்டிருக்கான்!

— என் வாசல் வழியாத்தான போச்சு. கேக்காம எங்க போறது?

— தண்ணி எறங்கறதுக்குள்ள ஊருல பேச்சு கெளம்பிடுச்சு. மதகு தூங்கிட்டான், தூக்கக் கலக்கத்துல தெறந்துட்டான்னு.

— யாரு கெளப்புனதுன்னு சொல்லு. அதை ஏன் முழுங்கற?

— இவனே சொல்லட்டும்னு விட்டேன், மகளே.

— உள்ள படுத்திருக்கானே, அவன்தாம்மா. பாட்டுக் குழுவுல என் பக்கத்துலயே நின்னு பாடினவன். என் பொண்ணு ஞானஸ்நானத்துக்குக் கையில ஏந்தி நின்ன ஞானத்தகப்பன். ஊருல யாரு சொல்லியிருந்தாலும் தொடைச்சுப் போட்டிருப்பேன். முதல்ல சொன்னது அவன் வாய்.

— அப்ப நான் நடுத்தெருவுல நின்னு கத்தினேன், மகளே. புயல் நேரத்துல படகுல தலையணை வெச்சுத் தூங்கின ஆண்டவரைத்தானய்யா நாம கும்பிடறோம், இவன் தூங்கியிருந்தாத்தான் என்ன குடி முழுகிப் போச்சுன்னு.

— குடி முழுகிப் போயிருந்துச்சு. அதான் அடிக்க வந்தாங்க. இந்த ஆளு பேச்சை நீங்களே பாருங்கம்மா, எனக்கு வக்காலத்து வாங்கறேன்னு வந்து மாட்டி விட்டுட்டுப் போனான்.

— நான் உன்கூட சேந்தா என் படகுல ஏற மாட்டோம்னாங்க. நீந்திப் போங்கன்னேன்.

— அதை மட்டும் நிஜமா சொன்னான். ஊரே ஒதுங்கிப் போச்சு, என் வாசல்ல ஒரு செருப்பு கெடையாது. இவன் செருப்பு மட்டும் கெடக்கும். வேணும்னே நடு வாசல்ல விட்டுட்டு வருவான், எல்லாரும் பாக்கட்டும்னு. பெரிய செருப்பு வேற.

— இஞ்சின்காரன் கால், மகளே. நின்னே வளந்த கால்.

— கோயில் எங்க வருது தாத்தா? இன்னும் வரலியே.

— வருது. கோயிலுக்குள்ள இடுப்பளவு தண்ணி. ஞாயித்துக்கிழமை ஆராதனையை எங்க நடத்தறது? போதகர் என் படகைக் கேட்டார். இஞ்சின் மூடி மேல வெள்ளை விரிப்பைப் போட்டோம். அதான் பீடம். ரெண்டு ஓரமும் நீளப் பெஞ்சு. அதான் கோயில்.

— ஓ! படகுதான் கோயிலா!

— அன்னைக்குக் காலையில மூடுபனி. அப்படி ஒரு பனியை நீ பாத்திருக்க மாட்ட. கரை இல்ல, ஆறு இல்ல, வானம் இல்ல. எல்லாம் வெள்ளை. படகு தண்ணியில நிக்குதா மேகத்துல நிக்குதான்னே தெரியல. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஆளுங்க மூஞ்சி மட்டும் மிதக்குது, உடம்பைக் காணோம். பாடின பாட்டு எங்கயும் போகல மகளே, வாய்க்கு முன்னாடியே நின்னுச்சு. நான் கையால ஒதுக்கிட்டுத்தான் நடந்தேன்.

— பனி இருந்துச்சு. பாட்டெல்லாம் நிக்கல.

— இவன் வந்து இடது பெஞ்சுல உக்காந்தான். ஏற்கனவே உக்காந்திருந்தவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வலது பக்கம் போனாங்க. யாரும் எதுவும் பேசல. துணி உரசற சத்தம் மட்டும்.

— ஐயோ.

— பொண்டாட்டி, பொண்ணு எல்லாம் மாமியார் வீட்டுல இருந்தாங்கம்மா. நான் மட்டும்தான். நல்லவேளை.

— எங்க ஆராதனையில ஒரு வழக்கம் உண்டு, மகளே. போதகர் 'சமாதானம்'னு சொல்லிப் பக்கத்து ஆளு கையைப் புடிப்பார். அவர் அடுத்த ஆளு கையை. அப்படியே கைக்குக் கை கடைசி ஆளு வரைக்கும் போகணும். கடைசி ஆளு கையைத் தூக்கிக் காட்டினாத்தான் போதகர் திருவிருந்து அப்பத்தைத் தொடுவார். ஒருத்தர் விட்டுப்போனாலும் தொட மாட்டார். காத்துக்கிட்டே நிப்பார்.

— அன்னைக்குக் கடைசி ஆளு...

— நான்தாம்மா.

— நான் கீழ இஞ்சின்கிட்ட இருந்தேன். எண்ணெய் டப்பா தானா உருண்டு வந்து என் காலை முட்டுது. என்னடான்னு மேல வந்தா, கோயிலே சாஞ்சு கெடக்கு! அத்தனை பேரும் ஒரே பக்கம். வலது பக்கம் விளிம்பு தண்ணியை நக்குது. கிண்ணத்துல திராட்சை ரசம் ஒரு பக்கமா ஏறி நிக்குது. ஒருத்தருக்கும் தெரியல. கரையே கண்ணுல படலியே, எதை வெச்சு நிமிந்திருக்கு, சாஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க?

— போதகர்?

— கையை நீட்டிக்கிட்டே நிக்கிறார். வலது பெஞ்சுக் கடைசியில உக்காந்திருந்தது பாட்டு வாத்தியார். அவர் வரைக்கும் வந்த சமாதானம் அங்கயே நின்னு போச்சு. நான் விடுவிடுன்னு ஏறி வந்து இவன் பக்கத்துல உக்காந்தேன். கிரீஸ் கையோட இவன் கையைப் புடிச்சேன். 'சமாதானம்டா'ன்னேன். என் எடையில படகு நிமிந்திருச்சு!

— உன் எடையில. அப்ப நீ தீக்குச்சி மாதிரி இருப்ப.

— நம்பவே முடியலியே தாத்தா. அவ்வளவு பெரிய படகு ஒருத்தர் எடையிலயா?

— சரி. நிமிரல. இம்மிகூட நிமிரல. ரெண்டு பேரும் சாஞ்சபடியே உக்காந்திருந்தோம். இனி சொல்றதுல மீனும் இல்ல, குடையும் இல்ல, மகளே. பாட்டு வாத்தியார் எந்திரிச்சார். தளம் சரிவா இருக்கு, இவன் பக்கம் வரணும்னா மேல ஏறணும். ஏறி வந்து இவன் இன்னொரு கையைப் புடிச்சார். அவரைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா வந்தாங்க. படகு நிமிந்துச்சு.

— காத்து.

— என்ன சார்?

— காத்து அடிச்சு நிமிந்துச்சும்மா. யாரும் வரல.

— மூடுபனியில ஏதுடா காத்து?

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக் குனிஞ்சிருந்தேன். உன் கிரீஸ் கை மட்டும் தெரியும், அதை நான் என்னிக்கும் மறுக்கல. கண்ணைத் தெறந்தப்ப எல்லாரும் எறங்கிட்டிருந்தாங்க. மிச்சமெல்லாம் என்னைத் தேத்தறதுக்கு நீ கட்டின கதை. மீனுக்குக் குடை குடுத்தவன், அவனுக்கு ஒரு மனசைக் குடுத்துட்ட.

— இதான் எனக்குத் தண்டனை, மகளே. ஆயுசு பூரா புளுகினேன். ஒரே ஒரு நிஜம் வெச்சிருந்தேன். அதையும் அந்தப் பையிலயே போட்டுத் தொலைச்சுட்டேன்.

— வாத்தியாரையே கேட்டிருக்கலாமே சார்?

— வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். எத்தனையோ தடவை. நான் தெறக்கல. அடுத்த வாரமே அக்கரைக் கோயிலுக்கு மாறிட்டேன். இப்பக் கேக்கலாம்னா அவனுக்குப் பேச்சு இல்ல. நல்லதாப் போச்சு.

— தாத்தா, மாடியிலேர்ந்து கூப்பிட்டுட்டாங்க. தள்ளு நாற்காலி வந்துடுச்சு.

— நடந்தே போவேனே. சரி, சவாரி யாரு விடுவா. டேய் மதகு.

— என்ன?

— நீ அவனை மன்னிக்கணும்னு நான் கேக்கல. அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. சாயங்காலம் வரைக்கும் ஒரு கையைப் புடிச்சுக்கோ, அவ்வளவுதான்.

— அவன் எனக்கு என்ன செஞ்சான்னு தெரிஞ்சும் கேக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?

— அன்னைக்கு உன் பக்கத்துல உக்காந்தப்ப, நீ செஞ்சது சரியா தப்பான்னு கேட்டுட்டா உக்காந்தேன்? நீ தூங்கியிருந்தாலும் உக்காந்திருப்பேன்டா.

— நான் தூங்கல.

— தெரியும். தூங்கியிருந்தாலும்னு சொல்றேன். மகளே, தள்ளச் சொல்லு. மெதுவா, இந்த வண்டிக்கு எண்ணெய் போடணும், சத்தத்தைக் கேட்டாலே தெரியுது...

— போயிட்டார். சார், நான் உள்ள போகணும். வாத்தியார் முழிச்சுட்டார், கை குழாய்ப் பக்கம் போகுது. கையைக் கட்டத் துணி எடுத்துட்டு வரேன். கோவிச்சுக்காதீங்க சார். வேற வழி இல்ல.

— நர்ஸம்மா.

— சொல்லுங்க.

— நாற்காலி எங்க போடறது? அவன் எந்தக் கைன்னு சொன்னீங்க?

— வலது கை, சார். ஜன்னல் பக்கம் வாங்க. திரையை இழுத்துவிடறேன், வெயில் கூசும். இப்படி மேலாப்ல புடிச்சா போதும்.

— சில்லுன்னு இருக்கு.

— கொஞ்ச நேரத்துல சூடாயிடும். பாருங்க, கையை இழுக்கவே இல்ல. உங்களை அடையாளம் தெரியுது போல. கண்ணுல தண்ணி வருது, சார்.

— வரும். அன்னைக்கும் அழுதுக்கிட்டேதான் வந்தான். செருப்பு வழுக்கி முட்டி போட்டு விழுந்தான், செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு மறுபடி ஏறி வந்தான்.

— சார்... நீங்கதான் எதையும் பாக்கலேன்னு சொன்னீங்களே?

— பாத்தேன்னு சொல்லியிருந்தா, தட்டினப்ப கதவைத் தெறந்திருக்கணுமேம்மா. அந்தப் புளுகன் சொன்னது அத்தனையும் நடந்துச்சு. படகு சாஞ்சுது, இவன் வந்தான், நிமிந்துச்சு. நான் கண்ணை மூடவே இல்ல.