மார்லாக் மாளிகையின் ஒளிவறை

மார்லாக் மாளிகைக்கு வருகிறவர்கள் முதலில் குளிரைப் பற்றித்தான் சொல்வார்கள். ஜூலைக் கோடையில்கூடக் கையுறையைக் கழற்ற மாட்டார்கள். நான் அங்கேயே பிறந்தவள், எனக்குப் பழகிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக அந்த வீடு கட்டப்பட்ட வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்ஸ்பெக்டர். எந்தப் பகுதி எந்த ஆண்டு எழுந்தது, எந்தப் புகைபோக்கியை யார் இடித்தார், எல்லாம் அதில் இருக்கிறது. அதன் உயிர் ஒளிவறை அத்தியாயம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு, கத்தோலிக்கப் பாதிரியார்களை அரசாங்கமே தேடிப்பிடித்துக் கொன்ற காலத்தில், எங்கள் முன்னோர் ஒரு பாதிரியாரை மாடியறையின் மரச்சுவருக்குப் பின்னால் நான்கு நாள் மறைத்து வைத்தார்கள். தேடி வந்தவர்கள் சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

திங்கட்கிழமை காலை பேசில் ட்ரெட்கோல்ட் வந்தார். பழைய வீடுகளின் வயதைக் கணித்துப் பதிவு செய்கிறவர். நல்ல மனிதர். சமையல்காரி ஐடா ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்துச் செய்திருந்த கேக்கை இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒளிவறையின் பலகைக் கதவைத் திறந்து, ஓர் ஆணியை நகத்தால் சுரண்டினார்.

“கோவிச்சுக்காதீங்க, மிஸ் ஹெஸ்டர். இது மெஷின் ஆணி. செங்கல்லும் அப்படித்தான். எண்பது வருஷம் இருந்தா அதிகம். இதுல எந்தப் பாதிரியாரும் ஒளியல. உங்க தாத்தாவோட கம்பளிதான் ஒளிஞ்சிருக்கும்.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

“பின்சுவர் பழைய கல்லு. உள்ள போய்ப் பாருங்களேன்,” என்றேன்.

குனிந்து உள்ளே போனார். டார்ச் கேட்டார், கொடுத்தேன். பிறகு பலகையைச் சாத்தித் தாழிட்டேன். கோபமெல்லாம் இல்லை. ஒரு மனிதர் அங்கே நான்கு நாள் இருக்க முடியும் என்று தெரிந்தால் அவரே ஒப்புக்கொள்வார். ஆதாரம் கேட்கிறவர்தானே அவர்.

“சரி, சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. திறங்க,” என்றார். வேடிக்கை என்றே நினைத்திருந்தார்.

அவர் ரயிலுக்குப் போய்விட்டதாக ஐடாவிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவளை அந்த மரச்சுவரின் அருகே நிறுத்தி, ஏதாவது கேட்கிறதா என்றேன்.

காதை வைத்துப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லைங்கம்மா. நீங்க மூச்சு வாங்குறதுதான் கேக்குது.”

எனக்கோ தெளிவாகக் கேட்டது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. ஐடாவுக்குக் கேட்காததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒளிவறை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை தேநீரோடு போய்த் திறந்தேன். அந்தத் தேநீரை நானே குடிக்க வேண்டியதாயிற்று.

உண்மையான ஒளிவறையில் மூச்சுவிட ஒரு துளையாவது வைத்திருப்பார்கள், இதில் ஒன்றுமில்லை என்கிறார் உங்கள் மருத்துவர். திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் ட்ரெட்கோல்ட் இறந்துவிட்டாராம். அது எப்படி? வியாழக்கிழமை மாலைவரை அவர் தட்டியதை மணிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அடைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கொன்றதாக எழுதாதீர்கள்.

இதோ, இப்போதும் தட்டுகிறார். நீங்கள் தேடி வந்தவர்கள்; உங்களுக்குக் கேட்காதுதான்.