வாசலில் அடித்த கூடாரம்

“கூடாரத்த இனி கழட்ட முடியாதுங்க.”

மலையூரான கந்தப்பளையில் பஸ் ஏறி எனக்கு முன் ஆசனத்தில் உட்கார்ந்த பெண், பக்கத்திலிருந்த கணவனிடம் இப்படிச் சொன்னாள். நியூசிலாந்தில் வாடகைக் கார் ஓட்டி, ஹோட்டல் செலவு இல்லாமல் கூடாரத்தில் தங்கி ஊர் சுற்றுவது அவர்கள் திட்டம் என்று அதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது.

“ஏன்? பழகிப் பாக்கத்தானே வாசல்ல அடிச்சோம்?”

“நாம உள்ள படுத்திருக்கிறதப் பாத்து, நம்ம வீட்டுல மண்சரிவுன்னு யாரோ சொல்லிட்டாங்க. நீங்க வேலைக்குப் போனதும் கிராம சேவகர் நிவாரணம்னு அரிசி, பருப்பெல்லாம் கொண்டாந்தாரு.”

“வெளிநாட்டுல டூர் போகப் பழகுறோம்னு சொல்லலியா?”

“சொன்னேங்க. பாவம், அதிர்ச்சியில பேசுதுன்னு ரெண்டு பாயும் சேத்துக் குடுத்தாரு.”



“இப்ப என்னவாம்?”

“பெரிய ஐயாமாரு வந்து பாப்பாங்களாம். புது வீடு குடுக்கிறவரைக்கும் கூடாரம் அப்படியே நிக்கணுமாம்.”

“அப்ப நியூசிலாந்துல நாம எதுல படுக்கிறது?”

“அதான் பாய் குடுத்திருக்காங்களே.”